இரட்டைப் பதிவு

படிவத்தின் ஏழாம் பக்கத்தில்
தங்கி வாழ்வோர் என்று ஒரு கட்டம்.
பெயர், பிறந்த திகதி, உறவுமுறை.
அபிசா என்று எழுதி, வெட்டி,
சான்றிதழில் உள்ளபடி அபிஷா என்று எழுதினேன்.
உறவுமுறையில் பேனை நின்றது.

மகள் என்றால் பொய் என்றார் ஜீ.எஸ்.
மருமகள் என்றால் யார் வழியில் என்றார்.
வளர்ப்பு என்றால் நீதிமன்றக் கடிதம் எங்கே?
நல்ல மனிசன். முறிந்த குடைக்கம்பியை
நூலால் கட்டி வைத்திருப்பவர்.
"வருசத்தில பாதிக்கு மேல
உங்கட வீட்டில படுத்தவளோ பிள்ளை?
அதை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

அரிசி ஆலையில் மூட்டை எண்ணிப் பழகிய விரல்களால்
இரவுகளை எண்ணினேன்.
சின்னமுத்து வந்து வேப்பிலையில் கிடந்த ஒன்பது.
குளம் வான் பாய்ந்தபோது
பள்ளிக்கூட மேசையின் மேல்
சறோவின் சேலைக்குள் சுருண்டு கிடந்த ஆறு.
யானை வேலியைப் பிரித்த அன்று
ஊரே வெடி கொளுத்த, அவள் மட்டும் நித்திரை.
இல்லத்தில் வைத்துப் பார்ப்போம் என்று
வவுனியாவுக்குக் கொண்டுபோன
இருபத்திரண்டைக் கழித்தேன்.
அந்த இருபத்திரண்டு நாளும்
சறோ மூன்று பேருக்கே புட்டவித்தாள்.
மிச்சத்தை நாய் தின்றது.
கழித்தும் முந்நூற்றுச் சொச்சம் வந்தது.

அவர் இலக்கத்தைத் தட்டினார்.
மின்விசிறி ஒருதரம் நின்று பிறகு சுற்றியது.
"பிள்ளை ஏற்கெனவே வேறொரு அட்டையில இருக்கிறாள்.
நெடுங்கேணி. ரெண்டு வருசமாய்க் காசு போகுது."
ஒரு பிள்ளையை ஒரு வீடுதான் கோரலாமாம்.
ஆட்சேபத்துக்கு வேறு படிவம், இளஞ்சிவப்பு.
"போட்டால் வெல்லுவியள்" என்றார்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் போனேன்.
மாங்குளம், ஒட்டுசுட்டான், அங்கிருந்து தெற்கே.
சொல்ல வேண்டியதை ஹெல்மெட்டுக்குள்
உரத்துச் சொல்லிப் பார்த்தபடி.
கள்ளி என்ற சொல் அதில் இருந்தது.

தயாநிதி, பெற்றவளின் தமக்கை.
வெறும் தேத்தண்ணி தந்தாள், உள்ளங்கையில் சீனி.
"ஓம், நான்தான் போட்டனான்.
தங்கச்சி குவைத்துக்குப் போகேக்க
சான்றிதழை என்னட்டத் தந்தவள்.
பிள்ளையை உங்களிட்ட."

பாயில் அவள் மகன், பதினேழு வயது,
கழுத்து நிற்காது.
பக்கத்தில் பெரிய ஆட்களின் பம்பர்ஸ் பைக்கற்,
வாயை ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது.
அவனுக்குப் பிறப்புப் பதிவு இல்லை.
கடைசி இடப்பெயர்வில்
பையோடு போனதாம்.
மறுபடி எடுக்க நாலு தரம் அலைந்தாளாம்.
ஐந்தாம் தரம் போக
அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அவள் அழவில்லை. எடுத்துவிடுங்கோ என்றும் சொல்லவில்லை.
வெளிக்கிடும்போது கேட்டாள்:
"அவளுக்கு இப்பவும் இடிக்குப் பயமோ?"
எனக்குத் தெரியவில்லை.
பயந்தவள் என்பதே தெரியாது.

ஞாயிறு இரவு இடித்தது.
எழும்பி விளக்கோடு போய்ப் பார்த்தேன்.
கண் திறந்து கிடந்தாள்.
"என்னப்பா?" என்றாள்.
ஒன்றுமில்லை என்று
காலடியில் கொஞ்சநேரம் இருந்தேன்.
எத்தனை இடிக்கு இப்படிக் கிடந்தாளோ
முந்நூற்றுச் சொச்சத்துக்குள்.

திங்கள் காலை கந்தோரில் நான்தான் முதல் ஆள்.
ஆட்சேபம்?
இல்லை.
"அப்ப உங்கட அட்டையில ரெண்டு பேர்தான்" என்றார்.
ரெண்டு என்றேன்.
கட்டத்துக்குக் குறுக்காகக் கோடு கீறினார்,
அடிமட்டம் வைத்து, மெதுவாக.
நெடுங்கேணிப் பெடியனைப் பற்றிச் சொன்னேன்.
குறித்துக்கொண்டார். என்ன செய்வாரோ தெரியாது.

மல்லாவிச் சந்தியில் செருப்புக் கடை.
பாதத்தின் நீளத்துக்கு முறித்த ஈர்க்கு
சட்டைப் பையில் இருந்தது.
"ஆருக்கு?"
மகளுக்கு என்றேன்.
ஈர்க்கை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தான்.
"ஒரு இலக்கம் கூட எடுங்கோ அண்ணை,
பங்குனிக்கிடையில கால் வளர்ந்திடும்."